யாரும் திறக்கவில்லை என்று நான் சொன்ன ஹார்ட் டிஸ்க்

அம்மாடி,

இதை நின்றுகொண்டே படிக்காதே, உட்கார். உட்காருவதற்கு முன்னால் அந்த லேப்டாப் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பார். ஓடினால் அணைத்துவிட்டு, ஒயரையும் பிடுங்கிவிட்டு வந்து மேலே படி. "அப்பாவுக்கு இதெல்லாம் என்ன தெரியும்" என்று நீ முணுமுணுப்பது புனேயிலிருந்து இங்கே வங்காளத்தில் லேக் கார்டன்ஸ் வரைக்கும் எனக்குக் கேட்கிறது. ஞாயிற்றுக்கிழமை போனில் மூன்று முறை சொல்லத் தொடங்கினேன். மூன்று முறையும், "ப்பா, நீங்க ரயில்வே ஸ்டோர்ஸ்ல நட்டு போல்ட்டு வாங்கின ஆளு, இது வேற சமாச்சாரம்" என்று வாயை அடைத்துவிட்டாய். நாலாவது முறை சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால்தான் "எதையும் தொடாதே, கடிதம் வருகிறது" என்று ஒரு எஸ்எம்எஸ் மட்டும் அனுப்பிவிட்டு, கூரியரை நம்பி உட்கார்ந்திருக்கிறேன். நீ அதற்கு "ஓகேப்பா" என்று ஒற்றை வார்த்தையில் பதில் போட்டிருக்கிறாய். அந்த ஓகேவில் எவ்வளவு ஓகே இருக்கிறது என்று உன்னைப் பெற்றவனுக்குத் தெரியாதா?

நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார். ஆறு வருஷத்துக்குப் பிறகு, ஆபீஸ் முடிந்து வந்த நேரத்திலெல்லாம் உட்கார்ந்து, அந்த ஆராய்ச்சியை மறுபடி கையில் எடுத்திருக்கிறாய். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. புனே ஆஸ்பத்திரிகளில் நோயாளிக்குத் துணையிருக்கும் பெண்கள் இருபத்தேழு பேரிடம் பேசி எழுதி வைத்திருக்கிறாய். இப்போது ஹார்ட் டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போடுகிறது. இரண்டு காப்பி வைத்திருக்கிறேன் என்றாய். எங்கே என்று கேட்டால், இரண்டும் அதே டிஸ்க்கில். ஒரே பையில் இரண்டு பர்ஸ் வைத்துக்கொண்டு பையைத் தொலைத்த கதைதான். அதற்கு உன்னை இப்போது திட்டப் போவதில்லை. ஆனால் அதற்கு மேல் நீ சொன்னதுதான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது. சனிக்கிழமை லீவு, கூட வேலை செய்கிறவர் ஒருவர் வீட்டுக்கு வருவார், இன்டர்நெட்டில் பார்த்துப் பிரித்துச் சரிசெய்யப் போகிறோம் என்றாய். கடையில் கொடுக்கலாமே என்றதற்கு, "புரொபஷனல்னு நம்பி ஒருத்தன்ட்ட குடுத்து நான் பட்டது போதும்ப்பா. பாலிகஞ்ச்ல அந்தாளு என்ன செஞ்சான்னு உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டாய்.

தெரியும். அந்த ஆள் என்ன செய்தார், என்ன செய்யவில்லை என்பது எனக்குத்தான் முழுசாகத் தெரியும். உன் அம்மாவுக்கு முக்கால்வாசி தெரியும். உனக்குத்தான் ஒன்றுமே தெரியாது. உன் டிஸ்க்கைக் கெடுத்தவன் நான். அவர் இல்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். உனக்கே தெரிந்ததையும் சொல்வேன், பொறுத்துக்கொள். அம்மா இடுப்பு எலும்பு முறிந்து படுத்தபோது ஆயா சென்டரிலிருந்து அவளைக் கவனித்துக்கொள்ள சந்தியா மாஷி வந்தாள். தெற்கே எங்கோ ஒரு ஊரிலிருந்து லோக்கல் ட்ரெயினில் பாலிகஞ்ச் வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து வருவாள். வாயில் எப்போதும் பான். நீ அவளோடு பேசிப் பேசித்தான் உன் ஆராய்ச்சித் தலைப்பே பிறந்தது. அடுத்தவர் வீட்டுக் கிழவிகளைக் குளிப்பாட்டிவிட்டு, தன் வீட்டில் காய்ச்சலாய்க் கிடக்கும் பிள்ளையைப் பார்க்க ட்ரெயினுக்கு ஓடுகிற பெண்களைப் பற்றி எழுத வேண்டும் என்றாய். மூன்று வருஷத்தில் நாற்பத்தொரு பேர். வீடு வீடாய், ஸ்டேஷன் ஸ்டேஷனாய் போய், அவர்கள் பேசியதை எல்லாம் டேப்பில் பதிந்து வந்தாய். வங்காளம் உனக்குத் தமிழைவிட நன்றாக வரும் என்பதில் எனக்கு அதுவரை கொஞ்சம் வருத்தம்தான். அந்தப் பெண்கள் உன்னிடம் மனம்விட்டுப் பேசுவதைப் பார்த்த பிறகு அந்த வருத்தம் போய்விட்டது.

அப்போது நீ புதுக் கேசட் கேட்டாய். நான் என்ன சொன்னேன்? "ஒண்ணை டைப் பண்ணி முடிச்சாச்சுன்னா அந்தக் கேசட்ல அடுத்த ஆளைப் பதிஞ்சிர வேண்டியதுதானே. ஒரே சாமானை மூணு வாட்டி பயன்படுத்துறதுதான் சிக்கனம்." நீயும் தலையாட்டினாய். ஒரு டஜன் கேசட்டுக்குள் நாற்பத்தொரு பெண்களும் ஒருத்தி மேல் ஒருத்தியாகப் பதிந்து அழிந்தார்கள். மிச்சம் இருந்தது சாப்பாட்டு அறை மூலையில் இருந்த கம்ப்யூட்டரில் நீ தட்டி வைத்த எழுத்து மட்டும்தான். ஃபிளாப்பியில் போட்டு வைத்தாய், உண்மைதான். நம் ஊர் மழைக்கும் ஈரத்துக்கும் அலமாரிச் செருப்பே பூஞ்சை பிடிக்கும். ஃபிளாப்பி என்ன செய்யும்? அதில் முக்கால்வாசி திறக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. டிஸ்க் கெடுவதற்கு முன்பே கெடுதலுக்கு அஸ்திவாரம் போட்டவன் நான் என்பதற்காகச் சொல்கிறேன்.

நீ டெல்லிக்குப் பத்து நாள் கிளம்பும் முந்தின நாள் அந்தச் சத்தம் ஆரம்பித்தது. நீ உடனே அணைத்துவிட்டாய். எவ்வளவு சரியான காரியம் செய்தாய் என்று இன்றைக்குத்தான் எனக்குப் புரிகிறது. டிக்கெட்டை மாற்ற முடியாது, நூலகத்தில் அனுமதி வாங்கியிருந்தாய். "நான் வந்து ஒரு நல்ல ஆளாப் பாத்துக் குடுக்கேன். அதுவரைக்கும் யாரும் ஆன் பண்ணக் கூடாது. ப்பா, உங்களுக்குத்தான் சொல்லுதேன்" என்றாய். நான் உன் தலையில் கை வைத்து, சரி என்றேன். உன்னை ரயிலேற்றிவிட்டு வந்த மறுநாள் காலை, காபி குடித்த கையோடு போய் ஆன் செய்தேன்.

ஏன் செய்தேன் என்று ஆறு வருஷமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். கெட்ட எண்ணம் இல்லை. நீ வந்து இறங்கும்போது, "எல்லாம் சரியாயிருச்சு, போய்ப் பாரு" என்று சொல்ல வேண்டும் என்று ஆசை. முப்பத்திரண்டு வருஷம் கார்டன் ரீச் ரயில்வே ஆபீஸில் பெரிய பெரிய சாமான்களை வாங்கி வரவழைத்தவனுக்கு, கைக்கடக்கமான ஒரு டப்பாவைச் சரிசெய்து வைக்கத் தெரியாதா என்ற திமிர். ஓய்வு பெற்றவனின் திமிர் வேலையில் இருப்பவனின் திமிரைவிட மோசம், அதற்குச் செலவழிக்க நேரம் அதிகம். அணைத்தேன், போட்டேன், அணைத்தேன், போட்டேன். டிக் டிக், கறுப்புத் திரை. ஒவ்வொரு தடவையும் இந்தத் தடவை வந்துவிடும் என்றுதான் தோன்றியது. "பிள்ள சொல்லிட்டுப் போச்சுல்லா, எதுக்கு அதப் போட்டு நோண்டிக்கிட்டு இருக்கீய?" என்று உன் அம்மா அடுப்படியிலிருந்து கேட்டாள். நீ சும்மா இரு என்றேன். அன்றைக்கு அவள் சொன்னதைக் கேட்டிருந்தால் இந்தக் கடிதம் இல்லை.

அடுத்த நாள், பழைய ஆபீஸ் நண்பர் ஒருவர் போனில் ஒரு யோசனை சொன்னார். டிஸ்க்கைக் கழற்றி பாலித்தீன் பையில் போட்டு ஃப்ரீசரில் ஒரு நாள் வைத்தால் உயிர் வந்துவிடுமாம், அவருடைய மைத்துனருக்கு வந்ததாம். துருவிய தேங்காய் டப்பாவைத் தள்ளிவிட்டு வைத்தேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். மறுநாள் எடுத்து மாட்டினேன். சிரிக்காதே, அம்மாடி, வேலை செய்தது! திரையில் உன் ஃபோல்டர்கள் வரிசையாக வந்தன. ஒவ்வொரு பெண்ணின் பெயரிலும் ஒரு ஃபோல்டர். நான் அந்த நேரத்தில் என்ன செய்திருக்க வேண்டும்? காப்பி எடுத்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? "ஏட்டி, இங்க வந்து பாரு, வந்துருச்சு பாரு" என்று உன் அம்மாவைக் கூப்பிட்டேன். அவள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்து சேர்ந்து, நான் பெருமையாக ஒவ்வொன்றாய்க் காட்டி, அப்புறம் ஃபிளாப்பி எங்கே என்று உன் அலமாரியைக் குடைந்து திரும்பி வந்தபோது திரை உறைந்து நின்றது. டிஸ்க்கைத் தொட்டால் ஈரம். ஐஸ் உருகிய பாத்திரத்தின் அடிப்பக்கம் போல வேர்த்திருந்தது. துண்டால் துடைத்தேன். வெளியே துடைத்தேன், உள்ளே என்ன நடந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? அந்தச் சில நிமிஷத்தை நினைத்தால் இப்போதும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானது அதற்குப் பிறகுதான். சரி, இனி வெளியே கொடுப்போம் என்று முடிவு செய்தேன். எப்படிக் கொடுப்பது? எனக்குத் தெரிந்தது ஒரே வழிதான். மூன்று கோட்டேஷன். எங்கள் ஆபீஸில் ஒரு குண்டூசிப் பெட்டி வாங்கினாலும் மூன்று பேரிடம் விலை கேட்டு, மூன்றையும் ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதி, எவன் குறைவோ அவனை எல்-ஒன் என்று வட்டமிட்டு, அவனுக்குக் கொடுப்போம். அதில் நான் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியவன். இன்னொரு விதியும் உண்டு. "இப்படி இருந்தால் இவ்வளவு, அப்படி இருந்தால் அவ்வளவு" என்று நிபந்தனை போட்டு எழுதுகிறவனின் டெண்டர் தள்ளுபடி. நான் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, உன் மூன்று வருஷ உழைப்புக்கு அந்தத் தாளைத் தயார் செய்தேன், அடிக்கோடு போட்டு.

நான் போன் செய்த மூவரில் ஒருவர் பாலிகஞ்சில் இருந்த பாதுரி. ஆமாம், அதே பாதுரிதான். நான் பெயர் சொல்லவில்லை, விலை மட்டும் கேட்டேன். அவர் விலை சொல்லவில்லை. "பார்க்காமல் எப்படிச் சொல்வது? வரலாம், வராமலும் போகலாம். அதுவரை தயவுசெய்து மின்சாரம் கொடுக்காதீர்கள்" என்றார். நிபந்தனை! தள்ளுபடி செய்தேன். இன்னொருவர் விலை சொன்னார், ஒரு வாரம் ஆகும் என்றார். சாந்தினி மார்க்கெட் பக்கத்தில் ஒரு சின்னக் கடைக்காரர், வாய் நிறைய என்னை அண்ணனாக்கி, "கேரண்டி தாதா, ஹண்ட்ரட் பர்செண்ட், காலைல குடுங்க, சாயந்திரம் வாங்கிட்டுப் போங்க" என்றார். விலையும் அவருடையதுதான் குறைவு. எல்-ஒன்.

அம்மாடி, நான் அவர் எதிரிலேயே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அவர் ஸ்க்ரூ டிரைவரால் மூடியைத் திறந்தார். மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மண்குவளையில் டீ, ஒரு கையில் பிஸ்கட். உள்ளே கண்ணாடி போல ஒரு தட்டு பளபளத்தது. அவர் அதை ஊதினார். வாயால் ஊதினார்! நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ தப்பு என்று எனக்குப் பட்டது. ஆனால் அவர் எல்-ஒன், நானே தேர்ந்தெடுத்தவர். எப்படி எழுந்து, வேண்டாம் கொடுங்கள் என்று சொல்வது? சாயந்திரம் போனபோது, "டெட் தாதா, முன்னாலயே டெட்" என்று கையில் கொடுத்தார். கேரண்டி என்ன ஆயிற்று என்று கத்தினேன். கடையில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து நான் செய்ததைத்தான் எழுதக் கை வரவில்லை. அந்த மூடியின் மேல் திருகாணியை மறைத்து ஒரு வெள்ளி நிற ஸ்டிக்கர் இருக்குமே, "இதைக் கிழித்தால் நாங்கள் பொறுப்பில்லை" என்று எழுதியது. அது கிழிந்திருந்தது. நான் கோந்து தடவி, நகத்தால் நீவி, கிழிசல் தெரியாமல் ஒட்டினேன். முப்பத்திரண்டு வருஷம் சீல் வைத்த உறைகளைக் கையாண்ட கை. ரொம்பச் சுத்தமாக ஒட்டியது. பிறகு கம்ப்யூட்டருக்குள் பழையபடி மாட்டி, மேலே துணி போர்த்தி வைத்தேன். அம்மா பார்த்துக்கொண்டே நின்றாள். "பிள்ளட்ட சொல்லிருங்க" என்றாள். சொல்கிறேன் என்றேன்.

நீ வந்தாய். பெட்டியை இறக்கிவைத்ததும், "யாரும் தொடலயே?" என்று கேட்டாய். இல்லை என்றேன். அது முதல் பொய். அப்போது நீ டெல்லியிலேயே நாலு பேரிடம் விசாரித்து, பாதுரி என்று ஒருவர் நிதானமானவர், அவரிடம்தான் கொடுக்கப் போகிறேன் என்றாய். என் தாளில் நான் தள்ளுபடி செய்த அதே பெயர். கூட வருகிறேன் என்று நானும் கிளம்பினேன். உனக்குத் துணையாக என்று நீ நினைத்தாய். அவர் ஏதாவது கண்டுபிடித்துவிட்டால் பக்கத்தில் இருந்து சமாளிக்க வேண்டுமே என்று வந்தேன்.

அந்த மாடி அறை நினைவிருக்கிறதா? செருப்பைக் கழற்றச் சொன்னார். கையில் வாங்குவதற்கு முன்பே கேள்விகள். கீழே விழுந்ததா? சத்தம் வந்த பிறகு ஓட்டினீர்களா? ஈரம் பட்டதா? யாராவது திறந்தார்களா? நீ என்னைப் பார்த்தாய், நான்தானே வீட்டில் இருந்தவன். நான் ஒவ்வொன்றுக்கும் இல்லை, இல்லை, இல்லை என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நான் சோறுகூட இல்லாமல் மறைத்தேன். அவர் நம்பி மின்சாரம் கொடுத்துப் பார்த்தார். கரகரவென்று சுரண்டுகிற சத்தம். உடனே நிறுத்திவிட்டார். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டனுப்பினார். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துத் திறந்து பார்த்தேன், தட்டு முழுக்கக் கீறல், தூசி, ஈரத் தடம் என்றார். மறுபடி கேட்டார், "கேவு குலேச்சிலோ?" யாராவது திறந்தார்களா என்று. என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய். "எங்க அப்பா பத்து நாளும் காவல் காத்தாங்க. அவங்க யாரையும் தொட விடல. நீங்க திறந்து கீறல் போட்டுட்டு எங்க மேல பழி போடுறீங்களா?" என்று வங்காளத்தில் வெடித்தாய். திருடன், ஏமாற்றுக்காரன் என்றெல்லாம் சொன்னாய். அவர், "தீதி, நான் கேட்க மட்டும்தான் செய்தேன்" என்றார். நான் உன் பக்கத்தில் நின்றுகொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கூலி வேண்டாம் என்றுவிட்டார். படி இறங்கும்போது, "தப்பு அவன் மேல இல்லன்னா எதுக்குப்பா வேண்டாம்கான்?" என்று அழுதுகொண்டே கேட்டாய். ஆமாம்மா என்றேன். அம்மாடி, அந்த "ஆமாம்மா"வை நான் மறக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். மறுபடி நாற்பத்தொரு பேரைத் தேடிப் போக உனக்குத் தெம்பு இல்லை. பலர் வேலை மாறி, ஊர் மாறிப் போயிருந்தார்கள். சந்தியா மாஷி ஒருநாள் அம்மாவைப் பார்க்க வந்தபோது, "ஆமார் கொதா சாப்பா ஹொபே தோ?" என்று கேட்டாள், என் கதை அச்சில் வருமா என்று. நீ உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். மூன்றே மாதத்தில் புனேயில் வேலை, கையெழுத்துப் போட்டுவிட்டாய். தவறான ஆளை நான்தான் தேர்ந்தெடுத்தேன், அதனால்தான் போயிற்று என்று ஆறு வருஷமாக உன்னை நீயே குத்திக்கொண்டிருக்கிறாய். எதற்கும் யாரையும் நம்பாத பெண்ணாக ஆகிவிட்டாய். பிளம்பரை நம்ப மாட்டாய், டாக்டரை நம்ப மாட்டாய். அம்மா, "சொல்லிருங்க, இல்லன்னா நான் சொல்லிருவேன்" என்று தீபாவளிக்குத் தீபாவளி மிரட்டுவாள். அடுத்த தடவை அவள் வரும்போது நேரில் சொல்கிறேன் என்பேன். நீ வருவாய், நான் சந்தைக்குப் போய் உனக்குப் பிடித்த நோலன் குர் சந்தேஷ் வாங்கி வருவேன். நீ சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவாய். இனிப்பு வாங்கினால் பொய் கரைந்துவிடுமா? எனக்கே என் மேல் எரிச்சலாக வருகிறது.

செவ்வாய்க்கிழமை பாதுரியைப் பார்க்கப் போனேன். அதே மாடி. தலை நரைத்திருக்கிறது, கண்ணாடி தடித்திருக்கிறது. உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிக்க வேண்டும் என்று கைகூப்பினேன். அவர் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "எனக்கு நினைவில்லையே" என்றார். எத்தனையோ பேர் வருகிறார்கள், பாதிப் பேர் யாரும் திறக்கவில்லை என்றுதான் சொல்கிறார்கள், அதனால்தான் எப்போதும் இரண்டு தடவை கேட்பேன் என்றார். அவர் திட்டுவார் என்று ஆறு வருஷம் பயந்திருந்தேன். அந்த மனிதருக்கு நினைவே இல்லை. காயம் பட்டது உனக்கு மட்டும்தான் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

போகட்டும் என்று எழுந்து வந்திருக்கலாம், முடியவில்லை. அன்றைக்கு நான் உண்மையைச் சொல்லியிருந்தால் ஏதாவது கிடைத்திருக்குமா என்று கேட்டேன். அதைத் தெரிந்து என்ன செய்யப் போகிறீர்கள் என்றார். நான் விடவில்லை. "ஈரம் பட்டது, திறந்தார்கள் என்று தெரிந்திருந்தால் நான் மின்சாரமே கொடுத்திருக்க மாட்டேன். முதலில் சுத்தம் செய்திருப்பேன். எல்லாம் கிடைத்திருக்கும் என்று சொல்லமாட்டேன். கொஞ்சம் கிடைத்திருக்கலாம்" என்றார். கொஞ்சம். எத்தனை பெண்கள் அந்தக் கொஞ்சத்தில் இருந்தார்களோ. ஆன் செய்ததும் ஃப்ரீசரும் எல்-ஒன்னும் என் மடத்தனம். அதை நீ மன்னித்தாலும் மன்னிக்கலாம். கடைசியில் மிச்சமிருந்ததை அழித்தது என் மடத்தனம் இல்லை, என் பொய்.

அதனால் சொல்கிறேன், கேள். அதை ஃப்ரீசரில் வைக்காதே, பிரிக்காதே, உன் ஆபீஸ் நண்பர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சனிக்கிழமை வர வேண்டாம் என்று சொல். ஒரு தடவை போட்டுப் பார்ப்போம் என்று கை அரிக்கும், எனக்கு அரித்தது. பாதுரி புனேயில் தனக்குத் தெரிந்த ஒருவரின் பெயரும் போன் எண்ணும் எழுதிக் கொடுத்திருக்கிறார், இந்த உறையிலேயே இருக்கிறது. அவர் சொன்னார் என்பதற்காகவும் கொடுத்துவிடாதே. போய்ப் பேசிப் பார். சத்தியம் செய்கிறவரை விட்டுவிடு. உன்னைக் கேள்வி கேட்டுக் குடைகிறவரை, வராமலும் போகலாம் என்று முகத்துக்கு நேரே சொல்கிறவரைப் பிடித்துக்கொள். எங்கே வைத்துத் திறப்பீர்கள் என்று கேள், காட்டச் சொல், காட்டத் தயங்கினால் எழுந்து வந்துவிடு. குறைந்த விலைக்காரனிடம் போகாதே, கூடின விலைக்காரன் எல்லாம் யோக்கியன் என்றும் நினைக்காதே. உன் அம்மா இடுப்புக்கு மட்டும் நான் மூன்று கோட்டேஷன் கேட்கவில்லை, ஞாபகம் இருக்கிறதா? உங்கள் அம்மாவாக இருந்தால் எந்த டாக்டரிடம் போவீர்கள் என்று வார்டில் இருந்த நர்ஸ்களிடம் கேட்டேன். அவள் இன்றைக்கு வாக்கர் இல்லாமல் நடக்கிறாள். "என் இடுப்பு எல்-ஒன்ல தப்பிச்சிருச்சு" என்று நான் இதை எழுதும்போது பக்கத்திலிருந்து சொல்கிறாள்.

ஒருவேளை நீ ஏற்கெனவே ஏதாவது செய்திருந்தால், இருபது தடவை ஆன் செய்து பார்த்திருந்தால், மூடியைக் கழற்றியே இருந்தால், அதை அப்படியே டிஸ்க்கைப் பார்க்கிறவரிடம் சொல்லிவிடு. வெட்கப்படாதே. உன் ரத்தத்தில் அந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று உனக்கு இப்போது தெரியும். இந்த இருபத்தேழு பேரும் கிடைப்பார்களா என்று எனக்குத் தெரியாது. கிடைக்காவிட்டாலும் அது உன் குற்றம் இல்லை. அந்த நாற்பத்தொரு பேரும் உன் குற்றம் இல்லை, ஒரு நாளும் இல்லை. நீ செய்தது எல்லாம் சரி. உன் அப்பாவை நம்பியது ஒன்றுதான் பிசகு.

டிஸ்க்கைக் கொடுத்துவிட்டு வந்த பிறகு எனக்குப் போன் செய். ஆறு வருஷத்துத் திட்டு உன்னிடம் சேர்ந்திருக்கும், அவ்வளவும் வேறொரு மனிதருக்குப் போய்க்கொண்டிருந்தது. முழுசாகத் திட்டு. நடுவில் குறுக்கே பேச மாட்டேன், சாப்பிட்டாயா என்று பேச்சை மாற்ற மாட்டேன், போனை அம்மாவிடம் கொடுக்கவும் மாட்டேன்.

அப்பா